கபுறு இல்லாதவருக்கு ஸலாம்

வெள்ளி, இஷா தொழுகைக்குப் பிறகு

இன்று மத்ரசாவில், கபுறடிக்குப் போனால் அங்கே அடக்கப்பட்டிருக்கும் மவுத்தானவர்களுக்கு எப்படி ஸலாம் சொல்வது என்று பாடமாக்கிக் கொடுத்தேன். "கபுறப் பாத்து நிண்டு செல்லணும்," என்றேன். வகுப்பே சத்தமாகச் சொன்னது. சுமையா மட்டும் வாய் திறக்கவில்லை. அதட்டினேன்.

"எங்கட வாப்பாவ கொரோனா நேரம் அடக்க விடாம எரிச்சிட்டாங்க டீச்சர். நான் எந்தப் பக்கம் பாத்து செல்ற?"

எரிக்கச் சொன்ன அரசாங்கத்தார் யாரும் இந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வரப்போவதில்லை. நான்தான் சொல்ல வேண்டும். "அடுத்த பாடத்த எடுங்க," என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்தாள்.

சற்றுமுன் தொழுகையை முடிக்க, ஸலாம் கொடுத்து முகத்தை வலப்பக்கம் திருப்பினேன், பிறகு இடப்பக்கம். இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளைதான் நின்றாள்.