ஓரக் குழிகள்

மார்ச் 3
இன்று டைரக்டர் எங்கள் மருந்துக்காகக் கேக் வெட்டினார். கணையப் புற்றுநோய்க்கு என்று நாங்கள் செய்த பதினேழாவது மருந்து என்பதால் அதற்குப் ‘பதினேழு’ என்றே பெயர். முந்தைய பதினாறும் போன இடம் தெரியாது. பதினேழை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்துவிட்டது. கேக்கில் பெரிய துண்டு விற்பனைப் பிரிவுக்குப் போனது. ஒன்பது வருடம் மாடாய் உழைத்த எனக்குக் கத்தியில் ஒட்டியிருந்த க்ரீம்.

வீட்டில் சொன்னேன். “அப்போ இனிமே ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பியா?” என்றார் கணவர். வாழ்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 9
நோயாளிகளுக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரி டாக்டரம்மா போன் செய்தார். முதல் ஆள் ஒரு தையல்காரம்மாவாம். இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்திவிட்டு நம்முடையதற்கு வரச் சம்மதித்துவிட்டாராம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மார்ச் 14
விடுமுறை முடிந்து, புற்றுநோய்ச் செல்களை வளர்க்கும் பெட்டியைத் திறந்தேன். ஈரம் போகாமலிருக்க அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு உண்டு. காய்ந்து கிடந்தது. யார் ஊற்ற வேண்டும் என்று விசாரித்தேன். நான் இவர் என்று நினைத்தேன். இவர் அவர் என்று நினைத்திருக்கிறார். ஊற்றிய ஞாபகம் ஒருவருக்கும் இல்லை. கோடி கோடியாய்க் கொட்டி வாங்கிய கருவிகளுக்கு நடுவே ஒரு சொம்புத் தண்ணீருக்கு நாதியில்லை!

பெட்டிக்குள் இருந்த சோதனைத் தட்டின் ஒரு பக்க ஓரக் குழிகளில் செல்கள் செத்திருந்தன. பதினேழை அதிக அளவில் போடுவது எப்போதும் அந்த ஓரத்தில்தான். சபாஷ். ஆனால் எதிர் ஓரத்தில், மிச்சமான செல்களைச் சும்மா ஊற்றி வைக்கும் குழிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். அங்கேயும் எல்லாம் செத்திருந்தன. மருந்தே போடாமல்.

மார்ச் 15
அப்படியென்றால் நாங்கள் மருந்து கொடுத்துப் பார்த்த எலிகள்? எலிகள் பாதிக்குப் பாதிதான் ஒத்துழைத்தன. அப்போது எலிகளைத்தான் குறை சொன்னோம்.

மார்ச் 18
இடத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன் — மருந்து நடுவில், மருந்தே கலக்காத வெறும் கரைப்பான் ஓரத்தில். தண்ணீர் ஊற்றவில்லை, நம் பாரம்பரியம் கெட்டுவிடக் கூடாதே. ஓரத்தில் வெறும் கரைப்பான் அபாரமாகக் கொன்றது. நடுவில், பதினேழுக்குள் செல்கள் ஜம்மென்று வளர்ந்திருந்தன.

ஈரமில்லாவிட்டால் ஓரக் குழிகள்தான் முதலில் காயும்; காய்ந்து செத்ததையெல்லாம் மருந்து கொன்றது என்று எழுதியிருக்கிறேன். ஒன்பது வருஷமா என்னடி பண்ணிட்டிருந்தே? ஐயோ —

மார்ச் 19
டைரக்டரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“தட்டு வேற, மனுஷ உடம்பு வேறம்மா. முதல்ல நாலு பேருக்குக் கொடுத்துப் பார்ப்போம்.”

“அந்தத் தையல்காரம்மா, இருக்கிற மருந்தை நிறுத்திட்டு வர்றாங்க சார்.”

“அவங்கதான் சம்மதிச்சுட்டாங்களே.”

பிறகு காபி சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இளகிய மனசு.

மார்ச் 20
“உன் மருந்தை நீயேதான் கொல்லணுமா?” என்கிறார் கணவர். வேறு யார் கொல்வார்கள்? அதற்குத்தான் கொல்லத் தெரியவில்லையே.

மார்ச் 22
டாக்டரம்மாவுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். தட்டுகளின் படங்களையும் அனுப்பினேன். “திங்கக்கிழமை ஆரம்பிக்கிறதா இருந்துச்சு. நிறுத்திடறேன்” என்றார்.

போனை வைத்துவிட்டுக் கழிவறையில் போய் அழுதேன். விற்பனைப் பிரிவு இருக்கும் மாடியின் கழிவறை; அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அழுவதற்கு அதுதான் வசதி.

ஏப்ரல் 6
பதினேழை மூடிவிட்டார்கள். ‘வணிகக் காரணங்களுக்காக’ என்று அறிவிப்பு. எனக்குக் கிடங்கை ஒட்டிய அறையும் ‘தரக் கண்காணிப்பு ஆலோசகர்’ என்ற பட்டமும். எல்லாப் பெட்டிகளிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியது வீண்போகவில்லை.

மே 11
டாக்டரம்மா கூப்பிட்டார். தையல்காரம்மா பழைய மருந்திலேயே இருக்கிறாராம். கட்டி சுருங்கவில்லை, ஆனால் வளரவும் இல்லை. மறுபடி தைக்க உட்கார்ந்துவிட்டாராம். புது மருந்து ஏன் வரவில்லை என்று அவருக்கு விளக்கியிருக்கிறார்.

“எல்லாத்தையும் கேட்டுட்டு, ‘ஒன்பது வருஷமா செஞ்சாங்களா? ஐயோ பாவம். அந்தம்மா சாப்பிடறாங்களா, தூங்கறாங்களா?’ன்னு உங்களைத்தான் விசாரிச்சாங்க.”

பதினேழு போனதற்கு இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை.

“சாப்பிடறேன்னு சொல்லுங்க டாக்டர்” என்றேன். தூக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.