ஃபின்மார்க் கடலில் விட்டுவந்த அக்காவுக்கு

என் சரசு அக்கா,

போன மாதம் உன் ஊருக்குப் போய்வந்தேன். பதினோரு வருஷமாக நீ கூப்பிட்டாய், நான் போகவில்லை. நார்வேயிலேயே இருந்துவிடுவேன் என்று நீ சொன்ன கோபத்தில் போனைக்கூட எடுக்கவில்லை. கடைசியில் உன் சாம்பலை எடுத்துவரத்தான் போனேன். அதைக் குமரியில் கரைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

வடகோடியில் இருக்கும் உன் ஃபின்மார்க்கில் கப்பல் நுழைந்தபோது மதியம். மரமே இல்லாத மலைகள் மூட்டத்தில் மிதந்தன. அவற்றின் இடுக்கில் கடல் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருந்தது. விழித்திருக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது.

முதியோர் இல்லத்தில் உன்னோடு நர்ஸாக இருந்த இங்கெர் துறையில் நின்றாள். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரையே எரித்ததாம். மிஞ்சிய தேவாலயத்தில் படுத்து எழுந்துதான் சனங்கள் மறுபடி வீடு கட்டினார்களாம். சமீபத்தில் ஃபின்மார்க்கைப் பக்கத்து மாவட்டத்தோடு சேர்த்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை, பிரித்துவிட்டார்கள் என்றாள். நீ அனுப்பிய குரல்பதிவு நினைவுக்கு வந்தது: "ஏலே, நம்ம குமரி ஜில்லா திருவிதாங்கூர விட்டுப் பிரிஞ்ச கதையச் சொன்னா இவங்களுக்கு நல்லாப் புரியுதுலே." அதற்கும் நான் பதில் போடவில்லை.

இங்கெர் ஒரு உறையை நீட்டினாள். அங்கே சாம்பலைக் கடலில் தூவ அரசாங்க அனுமதி வேண்டுமாம். நோய் தெரிந்த மாதமே, உன்னை அந்தக் கடலிலேயே தூவ நீ விண்ணப்பித்து வாங்கி வைத்திருக்கிறாய். தக்கலை தாலுகா ஆபீசில் தினமும் மனுக்களோடு கிடக்கும் குமாஸ்தா நான். அந்த ஒற்றைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போனை எடுத்திருந்தால் என்னிடம் சொல்லியிருப்பாயா?

ஊரில் இருக்கும் அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அங்க தண்ணி ஐஸா உறைஞ்சு போவுமே மக்கா?"

"இல்லம்மா. தெக்க இருந்து வெதுவெதுப்பா ஒரு நீரோட்டம் வருதாம். இந்தக் கடல் உறையாதாம்."

"அப்பம் அவ இஷ்டம்போல விட்டிரு."

மறுநாள் இங்கெர் நடுக்கடலில் படகை நிறுத்தினாள், கலசத்தைத் திறந்து தூவினேன். சாம்பல் கொஞ்சநேரம் வெள்ளையாய் மிதந்தது. பிறகு எது நீர், எது மூட்டம், எது நீ என்று தெரியவில்லை. "அக்கா" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். அந்த வார்த்தையை எத்தனை வருஷமாக விழுங்கி வைத்திருந்தேன்!

அம்மாவுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பித்தாயிற்று. பூதப்பாண்டியில் நம் வீட்டில் உட்கார்ந்து "பின்மார்க்கு, பின்மார்க்கு" என்று சொல்லிப் பழகுகிறாள். வருகிற கோடையில் அவளை அந்தக் கடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். இது உறுதி.

கூப்பிட்டபோது வராத உன் தம்பி,
நாகராஜன்