நம் ஊர்க் கட்டம் காலி

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
29-11-1997

அன்பு மகள் கலைவாணிக்கு அம்மா ஏலவார்குழலி எழுதுவது.

நானும் உன் அப்பாவும் உடம்பளவில் சுகம். நீயும் அந்த அமெரிக்கக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று எழுதியதற்குக் காரணம் உன் ஆபீஸ் தாள்தான். உலகத்துக் கடலெல்லாம் எவ்வளவு சுட்டிருக்கிறது, எங்கே மழை கூடும், எங்கே குறையும் என்று மாதாமாதம் நீங்கள் அச்சடிப்பதில் ஒரு பிரதியை அப்பாவுக்கு அனுப்புகிறாயே, அதைத்தான் சொல்கிறேன். பசிபிக் கடல் வழக்கத்தைவிட மூன்று டிகிரி சூடு என்று நீ எழுதிய நாளிலிருந்து நம் தெருவில் எல் நினோவைத் தெரியாதவர் இல்லை. யாருக்காவது சளி பிடித்தாலும் எல் நினோதான். இந்த மாதத் தாள் வந்ததும் அப்பா அதைத் தறிக்கு மேலே சுவரில் ஒட்டினார். உலகப் படம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம், சிலவற்றில் பச்சை, சிலவற்றில் பழுப்பு. முப்பது வருஷமாகச் சேலை டிசைனைக் கட்டத்தாளில் பார்த்தே நெய்கிறவர் அல்லவா, விரல் வைத்து எண்ணி நம் ஊர்க் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அது காலி. டிசைன் தாளில் கட்டம் காலி என்றால் அங்கே ஜரிகை கிடையாது, ஆகவே இங்கே மழையும் கிடையாது என்று தெருவுக்கே சொல்லிவிட்டார். கீழே பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னவோ இருந்தது, அதை யார் படித்தார்கள்.

பதினெட்டாம் தேதி காலையில் எதிர்வீட்டு ராஜவேலு சித்தப்பா சேலைக்கான புதுப் பாவு நூலைத் தெருவில் நீட்டி விரித்துக் கஞ்சி போட ஆரம்பித்தார். கிழக்கால கருத்துக்கினு வருதுண்ணா, நாளைக்கு வச்சிக்கலாமா என்று அவர் வீட்டுக்காரி சம்பூர்ணம் உன் அப்பாவைக் கேட்டாள். அமெரிக்காவுல மிஷின் வச்சிப் பாத்துச் சொல்லிக்கினு இருக்கான், நீ வானத்தப் பாத்துக்கினு நிக்கிறியேமா என்றார் உன் அப்பா. அரை மணிகூட ஆகவில்லை, கொட்டியது. ஈரக் கஞ்சியோடு இழைக்கு இழை ஒட்டிக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓடியதில் பாதி சேற்றில் விழுந்தது. சம்பூர்ணம் அழவில்லை, உன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறகுதான் பள்ளிக்கூடத்து மேரி டீச்சர் வந்து பொடி எழுத்தைப் படித்தார். காலின்னா மழை இல்லன்னு அர்த்தம் இல்லண்ணா, இந்த எடத்தப் பத்திச் சொல்லப் போதுமான கணக்கு இல்லன்னு போட்டிருக்குது என்றார். எனக்கு வந்த கோபம் உன் அப்பா மேல் மட்டும் இல்லை. ஆளே இல்லாத நடுக்கடலில் மிதவை கட்டிச் சூடு பார்க்கிறீர்கள், தெருத்தெருவாய்த் தறி ஓடுகிற ஊருக்குக் கணக்கு போதவில்லையாம். நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று வேறு எழுதுகிறீர்கள். ராஜவேலுவிடம் நூறு பாவா இருக்கிறது? இருந்தது ஒன்று, அதுவும் முதலாளி கொடுத்தது. பட்டுக்குச் சொந்தக்காரர் அவர், மழைக்கு மட்டும் நெசவாளி சொந்தக்காரன். கெடுத்தவனுக்கு இனிமேல் பாவு கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். உன் அப்பா போய் நின்றார். தப்பு என்னுது, எனக்கு வர்ற பாவ அவனுக்குக் குடுங்க, என் தறி நிக்கட்டும் என்றார். பொண்ணு ஒலகத்துக்கே மழை பாக்குது, அப்பனுக்குத் தெருமேல இருக்கிற மேகம் தெரியல என்று முதலாளி ஆட்களுக்கு முன்னால் சிரித்துவிட்டுத்தான் கொடுத்தார். இதுவும் நனைந்தால் இரண்டு பேருக்கும் பாவு இல்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாவு மழைக்குப் பயந்து நாலு நாள் சித்தப்பா வீட்டில் சுருட்டியபடியே கிடந்தது. வானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே உன் அப்பா எழுந்து உள்ளே போய்விடுவார். தெருவில் என்ன சொன்னார்கள் தெரியுமா, கலைவாணி அனுப்புற அடுத்த தாள் வரட்டும், பாத்துக்கினு விரிக்கலாம் என்றார்கள். கிண்டல் இல்லை, மெய்யாகவே சொன்னார்கள். நேற்றுக் காலையில் சம்பூர்ணம் என்னிடம் வந்து, நீயாச்சும் ஒரு வார்த்த சொல்லு அண்ணி என்று நின்றாள். மாடி ஏறி வானத்தைப் பார்த்தேன். எனக்கு என்ன தெரியும்? ஆனால் யாராவது ஒருத்தர் சொல்லியாக வேண்டுமே. விரிடி, நனைஞ்சா நானே முதலாளிகிட்ட வந்து நிக்கிறேன் என்றேன். கஞ்சி காய்ந்து பாவைச் சுருட்டி உள்ளே வைக்கும்வரை மாடிக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. ராஜவேலு தறியில் உட்கார்ந்துவிட்டார். நம் தறி தை மாதம்வரை சும்மா இருக்கும், இருக்கட்டும்.

இப்போது தெருவே என்னிடம் வருகிறது. திங்கக்கிழம எப்டி அண்ணி, வியாழக்கிழம விரிக்கலாமாக்கா என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்கிறேன். ஒருத்தரும் நம்பவில்லை. அதுக்குத் தெரியும், சொல்ல மாட்டேங்குது என்று பேசிக்கொள்கிறார்கள்.

காமாட்சி உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்கட்டும், நீ நன்றாயிரு. ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த தாளிலும் நம் ஊர்க் கட்டம் காலியாக இருந்தால், அந்தக் கட்டத்துக்குள், தெரியாது என்று தமிழில் பெரிதாக எழுதி அனுப்பு. நான் சொன்னால் நம்பாதவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்தால் நம்புவார்கள்.

உன் அம்மா,
கு. ஏலவார்குழலி