'பேசு' என்றொரு பொத்தான்

பாம்பூஃப்ளாட்
9.6.2024

அன்புள்ள ஷரீபா லாத்தாவுக்கு,

உங்கள் மாமா மகள் தஸ்லிமாவின் ஸலாம். வாப்பா, உம்மா, நான் எல்லோரும் சுகம். வெள்ளிக்கிழமை மாமி, உங்கள் உம்மா, அக்கரை ஜங்லிகாட்டிலிருந்து ஃபெர்ரியில் வந்திருந்தார்கள். நீங்கள் சென்னையில் இளைத்துவிட்டதாகச் சொல்லி, எங்கள் வீட்டுச் சோற்றையும் சரியாகச் சாப்பிடாமல் போனார்கள்.

நேற்று போனில் நீங்கள் கேட்டதற்கு "ம்" என்று மட்டும் சொன்னேன். கோபிக்காதீர்கள். வீட்டுக்கு ஒரே போன், சுற்றிலும் நாலு காது. கடிதத்தில்தான் எனக்கு வாய் வரும்.

உங்கள் கம்பெனி அந்த ஊமைப் பெண் படத்தை கேமாகச் செய்கிறது, நன்றாக வர என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ஒன்பதோடு பள்ளியை விட்டவளிடம் கேட்கிறீர்களே. ஆனால் வாப்பா கடையில் ஆள் வராத நேரத்தில் நான் ஆடாத கேம் இல்லை.

நீங்கள் அனுப்பிய மாதிரியில் அந்தப் பெண் கத்தியோடு கூரைக்குக் கூரை தாவுகிறாள். படத்தில் அவள் ஒரு கொசுவைக்கூட அடிக்கவில்லையே. கொலையைப் பார்த்தவள் கோர்ட்டில் வாய் திறப்பாளா என்று இரண்டரை மணி நேரம் காத்திருக்கிறோம். அதுதானே படம்? அதே சட்டையும் அதே பாட்டும் வைத்தால் போதாது. அவளுக்கு எது கஷ்டமோ அது ஆடுகிறவர் விரலுக்கும் கஷ்டமாக வேண்டும். 'பேசு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். அழுத்தினால் லேசில் ஒன்றும் நடக்கக் கூடாது. ஆள் கூடக்கூட அது சின்னதாகிக்கொண்டே போகட்டும்.

அன்புத் தங்கை,
தஸ்லிமா

சென்னை
2.7.2024

என் தஸ்லிக்கு,

கள்ளி, இத்தனையும் எங்கே வைத்திருந்தாய்? ஆபீசில் உன் கடிதத்தின் அந்தப் பகுதியை வாசித்தேன். கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஆனால் பொத்தான் மட்டும் போதாதாம். அவள் சின்ன வயதில் ஏன் ஊமையானாள் என்று ஒரு காட்சி வேண்டுமாம். எங்களுக்கு யாருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் வாயாடிகள்.

வாய் அடைத்துப்போவது எப்படி இருக்கும்? எனக்கு மட்டும் எழுது. புரிந்துகொள்ளத்தான். ஒருவருக்கும் காட்ட மாட்டேன், வல்லாஹி.

உன் லாத்தா,
ஷரீபா

பாம்பூஃப்ளாட்
21.7.2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

நீங்கள் சத்தியம் செய்ததால் எழுதுகிறேன். உம்மாவுக்கும் தெரியாதது.

ஒன்பதாம் வகுப்பில் சுனாமி ஒத்திகை வைத்தார்கள். மணி அடித்ததும் எல்லோரும் பள்ளிக்குப் பின்னால் மேட்டில் ஏறி வரிசையாக நிற்க வேண்டும், பெயர் கூப்பிட்டால் குரல் கொடுக்க வேண்டும். நல்லதம்பி சார் என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். கடைசி வரிசையில், உயரமான பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். 'பிரசன்ட் சார்' தொண்டை வரை வந்தது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை சொல்லாததால் இரண்டாம் தடவை இன்னும் வெட்கம். ஒரு பிள்ளை கீழேயே இருக்கிறாள் என்று சார் மடக்கிய குடையை விரிக்காமலே மழையில் இறங்கி ஓடினார். படியில் வழுக்கி விழுந்தார். இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

கழிப்பறையில் இருந்தேன் என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போக முடியவில்லை.

தினமும் மாலை தேயிலை வாங்க நம் கடைக்குத்தான் வருகிறார். "ஏம்மா படிப்ப விட்ட?" என்று கேட்பார். நானே அவரிடம் சொல்லிவிடப்போகிறேன் லாத்தா. நோன்புப் பெருநாளுக்குள் சொல்லிவிடுவேன். அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது.

தஸ்லிமா

சென்னை
14.2.2025

தங்கச்சிக்கு,

கேம் வந்துவிட்டது. எல்லோரும் ஒரே காட்சியைத்தான் பேசுகிறார்கள். உன் மேட்டுக் காட்சி. கடைசி நேரத்தில் வேறு எதுவும் பொருந்தவில்லை, வைத்துவிட்டேன். பெயரை மாற்றிவிட்டேன், ஊரையும் மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். நம் தீவில் யார் இதை ஆடப்போகிறார்கள்? நன்றிப் பட்டியலில் உன் பெயரைச் சேர்க்கட்டுமா? பதில் எழுது. நீ பேசாமல் இருந்தால் பயமாக இருக்கிறது.

ஷரீபா

பாம்பூஃப்ளாட்
16.3.2025

ஷரீபா லாத்தாவுக்கு,

பெயர் வேண்டாம். இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மெயின்லேண்டில் எந்தப் பள்ளியில் லாத்தா மேட்டில் ஏறிப் பெயர் கூப்பிடுகிறார்கள்? வாத்தியார் கையில் மடக்கிய குடையைக்கூட விடாமல் வைத்திருக்கிறீர்கள். ஃபெர்ரியில் வரும் பையன்கள் எல்லோர் போனிலும் அது இருக்கிறது. கடை வாசலில் நின்று, "ஏ கூங்கி, பட்டன் தபா" என்கிறார்கள். ஊமைச்சி, பொத்தானை அழுத்து என்று. அதுகூடப் பரவாயில்லை.

பிள்ளைகள் சாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்தார். தேயிலை கேட்கவில்லை.

"அன்னிக்கு நீ வரிசையில நின்னியா?"

"ஆமா சார்."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு சார்."

அன்றைக்கு என் நாக்கு ஒட்டவே இல்லை. பக்கத்தில் வாப்பா தராசைப் பிடித்தபடி நின்றார்.

"நீயா வந்து சொல்லியிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்மா" என்றார் சார். அவ்வளவுதான். இப்போது மேட்டுக் கடைக்கு, அந்தக் காலோடு ஏறிப்போகிறார். பெருநாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

உங்கள் கேமை நானும் ஆடினேன். மூன்று தடவை அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. மூன்று தடவையும் வாத்தியார் விழுந்தார். நான்காம் தடவை பொத்தானைக் கட்டை விரல் வலிக்க அழுத்திக்கொண்டே இருந்தேன். "பிரசன்ட் சார்" என்று சொல்லிவிட்டாள். அவர் ஓடவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நல்ல கேம்தான். படத்தைவிட நன்றாக இருக்கிறது. இனி எனக்கு எழுதாதீர்கள்.

தஸ்லிமா