உடைந்த கார்டில் இல்லாத படம்

அன்புள்ள அப்பா,

இதை யாரிடமும் காட்டாதீர்கள், அம்மாவிடம்கூட. உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம். போனில் பேசினால் வார்டனுக்குக் கேட்டுவிடும், அதனால் எழுதுகிறேன்.

விடுதியில் ஒரு சின்ன விஷயம். சோறு புளித்திருக்கிறது என்று சொன்ன என் அறைத்தோழி தனேஸ்வரியை, "தோட்டத்துக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது போதும்லா" என்று வார்டன் கன்னத்தில் அறைந்தார். நான் போனில் படம் பிடித்தேன். அவர் மெமரி கார்டைப் பிடுங்கி உடைத்து, "இப்ப என்னத்தக் காட்டுவே?" என்று சிரித்தார்.

போன் வாங்கும்போது, "கார்டு இருக்கே, உள்ளேயும் எதுக்குலா இவ்வளவு இடம்?" என்றீர்கள். உள்ளேயும் வேண்டும் அப்பா! படம் கார்டில் இல்லை, போனுக்குள்ளேதான் பதிவாகியிருக்கிறது. பயம்தான். ஆனாலும் நாளை தலைமையாசிரியையிடம் காட்டுவேன்.

அம்மா வீட்டில் கட்டும் கைலி ஒன்றை, அவர் வாசனை போகாமல், துவைக்காமல் அனுப்புங்கள்.

போனைக் கேட்டு வார்டன் கதவைத் தட்டுகிறார். போனைத் தர மாட்டேன்