தென்னையில் அடித்த ஆணி

ஆவணி 12, வியாழன்.

இன்று எங்கள் தீவின் தோட்டவெளிக் கிராமத்தில் மதலேனம்மாவின் தென்னைகளைப் பார்க்கப் போனேன். தண்டுகளில் கபிலச் சாறு வடிகிறது. அழுகிய இடங்களைச் செதுக்கி, தீயால் வாட்டி, தார் பூசினேன். கண்ணூறு படாமலிருக்கக் குருசு மாட்டவென்று அவர் அடித்த ஆணிகளைச் சுற்றியே அழுகல் தொடங்கியிருந்தது.

"ஆணிக் காயத்தாலதான் வருத்தம் உள்ள போகுது. இனி அடியாதேங்கோ. குருசைக் கயிறால கட்டுங்கோ" என்றேன்.

அவர் வேறொரு மரத்தைக் காட்டினார்.

"அப்ப, போன மாசம் நீங்கள் இதில அடிச்ச தகரம், ஐயா?"

எங்கள் தென்னைக் கந்தோர் அலுவலர்கள் அடிக்கும் தகடு அது. நோயில்லாத மரம் என்பதற்கு அடையாளம். அந்த ஆணிக்குக் கீழேயும் சாறு வடிந்திருந்தது. அதையும் செதுக்கினேன்.

நல்ல மரங்களுக்கு மட்டும்தான் தகடு அடிப்போம். தீவு முழுவதும் அடித்தவன் நான்.