ஐஸ் ரூமுக்குப் போட்டி

அன்பு மகனே,

இங்கே எல்லாரும் சுகம், நான் மட்டும் கொஞ்சம் சூடு. நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் என்னம்மா சமையல் என்று கேட்டதற்கே நான் எரிந்து விழுந்தேன் என்று தங்கையிடம் புலம்பினாயாமே, அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு மாதவிலக்கு நிற்கிற வயசுடா. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து நெருப்பு ஏறும், துணி நனைந்துவிடும், தூக்கம் போன இடம் தெரியாது, ஈ பறந்தாலும் கோபம் வரும். இதையெல்லாமா ஆம்பளைப் பிள்ளைக்கு எழுதுவாய் என்று உன் அப்பா முகத்தைச் சுளித்தார், அவன் மட்டும் என்ன வானத்திலிருந்தா குதித்தான் என்று கேட்டேன்.

எங்கள் இறால் உரிக்கிற ஷெட் தகரக் கூரை என்பது உனக்குத் தெரியும். கூடையை ஐஸ் ரூமுக்குள் கொண்டுபோய் வைக்க முன்பெல்லாம் ஆளுக்கொரு சாக்கு சொல்லுவோம், இப்போது என் வயசுக்காரிகள் நான்கு பேரும் நான் போறேன் நீ உட்காருடி என்று அடித்துக்கொள்ளாத குறை. உன் அத்தையும் அதில் ஒருத்தி. அவளுக்குச் சூட்டோடு நெஞ்சும் படபடக்கும். இதயம் கெட்டுவிட்டது, டாக்டரிடம் போனால் ஒருநாள் கூலி போகும், அதற்குச் செத்தே போகலாம் என்று தன் பெரிய குக்கரை எனக்கும் பீரோவை உன் தங்கைக்கும் பங்கு பிரித்துவிட்டாள். குக்கரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இதற்குள் எங்கள் சூப்பர்வைசருக்கு, விசில் என்று கூப்பிடுவோமே அவருக்கு, இறால் களவு போகிறது என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் கோட்டுகூடப் போடாமல் ஐஸ் ரூம் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நாங்கள் நான்கு பேரும் உள்ளே போய்த் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி நின்றோம். மனுஷனுக்கு வெளியே வரக் கூச்சம், உள்ளே இருக்கக் குளிர், கடைசியில் தும்மலே காட்டிக்கொடுத்தது. பல் தந்தியடிக்க, களவுக்கு இடம் பார்க்கிறீர்களா, நாலு பேருக்கும் நாளையிலிருந்து வேலை இல்லை என்றார். அத்தைதான், சாகப்போகிறவளுக்கு என்ன பயம், நேராகச் சொன்னாள்: “அண்ணே, நாங்க திருட வரல. மாசாமாசம் வர்றது நிக்கிற நேரம், உடம்பு தீயா எரியுது.”

விசில் ஒரு பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க வீட்லயும் இதேதாம்மா. என்மேல வெறுப்புன்னு நெனச்சு நான் தனியா படுத்துக்கிட்டிருக்கேன்” என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மறுவாரம் கூலியைப் பிடிக்காமல், தன் மனைவியோடு அத்தையையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டரம்மா சோதித்துவிட்டு, இதயம் குதிரை மாதிரி இருக்கிறது, இது இந்த வயசுப் படபடப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு மறுபடி இரத்தம் பட்டால் மட்டும் தள்ளிப்போடாமல் வரவேண்டுமாம். அத்தை அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, உள்ளே வெந்துகொண்டிருந்த உருளைக்கிழங்கோடு குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஷெட்டில் இப்போது எங்களுக்கு முறைவைத்து ஐஸ் ரூம். விசில் தன் மனைவியையும் சில நாள் கூட்டிவந்து உள்ளே விடுகிறார்.

உங்கள் சீமையில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உங்கள் இருவருக்கும் நல்ல பசியும் நல்ல தூக்கமும் குறையாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இன்னும் இருபது வருஷம் கழித்து மருமகள் கொட்டுகிற பனியில் ஜன்னலைத் திறந்துவைத்தால் ஏன் என்று கேட்காதே, போர்வையைத் தேடு.

இப்படிக்கு,
சற்றுமுன்தான் ஆறிய
உன் அம்மா